கணனிக்குக் காவல் - பிள்ளைகளின் போட்டியைப் பெற்றோர் அறிந்துகொள்வோம்



ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கண்டி நகரத்துக் கல்வி நிலையங்களிலும் கணனி படிக்கிறார்கள். நாம் லயங்களுக்குப் போகும்போது பெற்றோர் கேட்பது இதுதான்: "ஐயா, புள்ள ராவு முழுக்க கொம்பியூட்டர் போட்டின்னு சொல்லுது. களவா பூருறத பத்தின போட்டியாம். பொலிஸ் கேசு ஆயிடாதா?" கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விளக்கத்தை இந்தப் பாடத்தில் தருகிறோம்.

போட்டி எப்படி நடக்கிறது?

ஒரு தேயிலை ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் பார்த்திராத அந்த ஸ்டோரின் சாவியை எட்டுப் பேரிடம் கொடுக்கிறார்கள். சில பூட்டுகள் பழசு. சில ஜன்னல்களை முன்பிருந்த காவல்காரர் திறந்தே விட்டிருக்கிறார். இவர்கள் ஓட்டைகளைத் தேடி அடைக்க வேண்டும். அதே நேரம் மெசின் ஓட வேண்டும், தூள் போக வேண்டும். இடையிடையே துரையிடமிருந்து "இதைச் செய், அதற்கு அறிக்கை கொடு" என்று கடிதம் வரும். போட்டி நடத்துபவர்களே ஏற்பாடு செய்த ஆட்கள் உள்ளே புகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பயந்துபோய் எல்லாக் கதவையும் பூட்டினால் மெசின் நின்றுவிடும், புள்ளியும் குறையும்.

ஸ்டோருக்குப் பதிலாக ஒரு கம்பனியின் கணனிகள் என்று வைத்தால் அதுதான் இந்தப் போட்டி. கல்லூரி மாணவருக்கான இவ்வகைப் போட்டி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் 2005இல் தொடங்கியது. அங்கே ஓர் அணிக்கு எட்டுப் பேர். காவல் காப்பது மட்டுமே அவர்கள் வேலை. மற்ற அணியைத் தாக்குவது விதிப்படி குற்றம். ஒளித்து வைத்த சொல்லைக் கண்டுபிடிக்கும் இன்னொரு வகைப் போட்டியும் உண்டு. இந்தியாவின் அமிர்தா பல்கலைக்கழகம் அவ்வகைப் போட்டியை 2010இல் தொடங்கியது. நமது நாட்டில் இலங்கை சேர்ட் நிறுவனமும் இணையப் பாதுகாப்பு வாரத்தில் இப்படியான சவால்களை நடத்தியிருக்கிறது.

ஏன் தேவை?

2023 ஓகஸ்ட் மாதம் அரசாங்க மின்னஞ்சல் கணனிகளைக் கயவர்கள் பூட்டிவிட்டார்கள். ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பிரதியும் அதே வலையில் இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. செக்றோலையும் அதன் பிரதியையும் ஒரே அலுமாரியில் வைத்து, அந்த அறையில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? அதே கதைதான். பிரதியை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்பது போட்டியில் பிள்ளைகள் படிக்கும் முதல் பாடங்களில் ஒன்று.

2021 பெப்ரவரி 6ஆம் திகதி நடந்தது நம்மைத் தொட்ட விடயம். இலங்கையின் சில இணைய முகவரிகளை யாரோ வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் தேயிலைத் தோட்ட மக்களின் பிரச்சினைகளும் எழுதப்பட்டிருந்தன. நமது குறைகள் உண்மைதான். ஆனாலும் பிறர் பூட்டை உடைத்துச் சொல்வதை நாம் பிள்ளைகளுக்குப் பழக்கக் கூடாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் கணனிக்குள் நுழைந்தால் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். போட்டியில் அனுமதியோடு, அதற்கென்றே வைத்த கணனியில்தான் செய்கிறார்கள். "யாருடைய கணனி, யார் அனுமதி கொடுத்தது?" இந்த இரண்டையும் பிள்ளையிடம் கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் பயமில்லை.

பிள்ளைகளுக்கு

முதல் முறையே வெல்ல வேண்டும் என்றில்லை. வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் கடவுச்சொற்களை மாற்றட்டும், ஒருவர் யார் வந்து போகிறார் என்று பதிவைப் பார்க்கட்டும், ஒருவர் அறிக்கை எழுதட்டும். இங்கிலீசில் நாலு வரி தெளிவாக எழுதத் தெரிந்தவர் அணிக்குப் பெரிய பலம். சொந்தமாகக் கணனி இல்லையென்று பின்வாங்க வேண்டாம், பல்கலைக்கழகக் கணனிக்கூடத்தைப் பயன்படுத்துங்கள்.

பெற்றோருக்கு

பொம்பளைப் பிள்ளை என்பதற்காக மறிக்காதீர்கள். எங்கே நடக்கிறது, எந்த விரிவுரையாளர் பொறுப்பு, ராத்தங்கல் எங்கே என்று கடிதம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் உங்கள் போனையும் காட்டுங்கள். சம்பளம் பேங்கில் விழும் வீடுகளில் இந்தக் காவல் அவசியம். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை "பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். பேங்க் அதைக் கேட்காது.

போட்டிக் கடிதம் இங்கிலீசில் வந்து விளங்காவிட்டால் நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். வாசித்துச் சொல்லுவோம். அதன் பிறகு கையொப்பம் போடலாம்.