மே தினப் பாடத்தில் விடுபட்ட ஓர் ஆளுநர்

மே தினத்தைச் சிகாகோவில் தொடங்கி, 1923இல் சென்னையில் சிங்காரவேலர் நடத்திய இந்தியாவின் முதல் மே தின விழாவோடு முடிப்பது நம் வகுப்பறை வழக்கம். இடையில் ஒருவர் விடுபட்டுப்போகிறார். அவர் இல்லினாய் மாநில ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். உயர்நிலை வகுப்புகளில் இவரைப் பற்றிப் பேச ஒரு பாடவேளையாவது ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். 'ஆளுநர்' என்றதும், குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர் என்றே நம் மாணவர்கள் நினைப்பார்கள். அமெரிக்காவில் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சரோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். அடுத்த தேர்தலில் தோற்கவும் கூடியவர் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

ஆல்ட்கெல்ட் 1847இல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். ஓஹையோவில் ஏழை விவசாயக் குடும்பம். 16 வயதில் உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் சேர்ந்தார். பின்னர் சில காலம் பள்ளி ஆசிரியர் (இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மகிழ்ச்சி), அதன்பின் வழக்கறிஞர், 1886இல் சிகாகோவில் நீதிபதி. சிறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏழைகளே என்பதைக் கண்டு, தண்டனை முறையை விமர்சித்து 1884இல் நூல் எழுதியிருந்தார்.

அந்த 1886 மே 4ஆம் நாள் இரவுதான் சிகாகோவின் ஹேமார்க்கெட் கூட்டத்தில் குண்டு வெடித்தது. காவலர்களும் பொதுமக்களும் இறந்தனர். எறிந்தவர் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர். 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் சிறையில் இறந்தார். மூவர் சிறையில் இருந்தனர்.

1893இல் ஆளுநரான ஆல்ட்கெல்ட், சில மாதங்களிலேயே அந்த மூவரையும் விடுவித்தார். இரக்கம் காட்டி மன்னிப்பதாக இரண்டு வரியில் ஆணையிட்டிருந்தால் அவ்வளவு எதிர்ப்பு வந்திருக்காது. அவரோ வழக்குக் கட்டுகளைப் படித்து, விசாரணையே நேர்மையாக நடக்கவில்லை என்று விரிவாக எழுதினார். சீட்டுக் குலுக்கலில் தேர்ந்தெடுக்க வேண்டிய ஜூரிகளை ஒரு நீதிமன்ற அலுவலரே தேடிப்பிடித்து அழைத்திருந்தார். நீதிபதி ஒருபக்கம் சாய்ந்திருந்தார். குண்டு எறிந்தவரோடு இவர்களை இணைக்கும் சான்று இல்லை. பத்திரிகைகள் அவரைக் கடுமையாகச் சாடின.

அதே ஆண்டு அவர் கையெழுத்திட்ட தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலையை வரையறுத்தது. தலைமை ஆய்வாளராக அவர் அமர்த்தியவர் ஃபுளோரன்ஸ் கெல்லி என்ற பெண். எட்டு மணி நேரப் பிரிவை 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1894இல் புல்மேன் ரயில் வேலைநிறுத்தத்தின்போது, மாநிலம் கேட்காமலேயே அதிபர் கிளீவ்லாந்து கூட்டாட்சிப் படையை அனுப்பியதையும் ஆல்ட்கெல்ட் எதிர்த்தார். கூட்டாட்சி பற்றிய பாடத்துக்கு இதுவே ஓர் எடுத்துக்காட்டு. 1896 தேர்தலில் தோற்றார், 1902இல் மறைந்தார்.

வகுப்பில் நான் செய்வது இதுதான். முடிவைச் சொல்லாமல் வழக்கின் விவரங்களை மட்டும் தந்து, 'நீங்கள் ஆளுநராக இருந்தால்?' என்று குழுக்களாக ஆணை எழுதச் சொல்வேன். பெரும்பாலான குழுக்கள் 'பாவம், விட்டுவிடலாம்' என்றே எழுதும். காரணம் கேட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அடுத்த முறை எழுதும்போது ஜூரி, சான்று, நீதிபதி என்ற சொற்கள் தாமாகவே வரும். 'அந்த மூவரின் கொள்கை அவருக்குப் பிடிக்குமா, ஐயா?' என்று ஒரு மாணவி கேட்டாள். பிடிக்காது என்றேன். அதன்பின் அந்த வகுப்பில் பேச்சு வேறு திசையில் போனது. மணி அடித்தும் முடியவில்லை.