சாயத் தொட்டியும் சமையற்கட்டும்

(படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

நம் சங்கத்தில் தறியை நம்பி வாழ்வோரும் உண்டு. நிலத்தை நம்பி வாழ்வோரும் உண்டு. சாய வேலை செய்த கையை நன்கு கழுவாமல் நெசவாளர் எவரும் சோற்றைத் தொடுவதில்லை. நூலுக்கு அழகு தரும் பொருள் வயிற்றுக்கு ஆகாது என்பதை அவர் அனுபவத்தால் அறிவார். இந்த வீட்டு ஒழுங்கை நாட்டுக்கு விதியாக்குவதே உணவுச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.

அவ்விதி மீறப்பட்டதற்கு அண்மைக் காலச் சான்று பஞ்சு மிட்டாய். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், பின்னர் அம்மாதம் 17ஆம் நாள் தமிழ்நாட்டிலும் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது அதில் ‘ரோடமைன் பி’ என்னும் இளஞ்சிவப்புச் சாயம் இருப்பது தெரிய வந்தது. துணி, காகிதம், தோல் ஆகியவற்றுக்கு நிறமேற்றும் சாயம் அது. திருவிழாவில் குழந்தை கையில் ஏந்திய மிட்டாயில் அது இருந்தது என்றால், நெசவாளராகிய நாம் வருந்தாதிருக்க முடியுமா?

தொழிற்சாயம் உணவுக்கு ஏன் ஆகாது? உணவு நிறத்தில் ஈயம், ஆர்செனிக் முதலிய நச்சுக்கள் இவ்வளவுக்கு மேல் இருத்தலாகாது என்று வரம்பு உண்டு. துணிச் சாயத்தை அந்த வரம்பை நோக்கி எவரும் தூய்மை செய்வதில்லை, அதற்கு அவசியமுமில்லை. மேலும் சில சாயங்கள் தம்மளவிலேயே நஞ்சாகும். மஞ்சள் தூளில் கலக்கப்படும் ‘லெட் குரோமேட்’ என்பது ஈயம் சேர்ந்த வண்ணப்பொருள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

சட்டத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். சென்னை மாகாணத்தில் 1918ஆம் ஆண்டிலேயே கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் நிறைவேறி, 1955 ஜூன் முதல் நாள் அமலுக்கு வந்தது. அதன் இடத்தில் இன்று நிற்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். 2011 ஆகஸ்டு 5 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

இச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, நச்சுப் பொருள்களும் கன உலோகங்களும் விதித்த அளவுக்கு மேல் எவ்வுணவிலும் இருத்தலாகாது என்கிறது. செயற்கை நிறங்களுள் எட்டு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. அவற்றையும் குறிப்பிட்ட சில பண்டங்களில், பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படாமல் சேர்க்கலாம். மிளகாய்த் தூளிலும் மஞ்சள் தூளிலும் எந்த நிறமும் சேர்த்தல் கூடாது. தீங்கான உணவால் மரணம் நேர்ந்தால், ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறையும், ஆயுள் வரை நீளக்கூடிய தண்டனையும் உண்டு.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதை நடத்திவைப்போர் நாமே. அங்கத்தினர் கைக்கொள்ள வேண்டியவை:

1. சாயம் வந்த டப்பாவிலும் சாக்கிலும் தானியமோ வற்றலோ வைக்கலாகாது. கழுவினாலும் ஆகாது. சாயம் கரைத்த பாத்திரம் சமையற்கட்டுக்குத் திரும்பக் கூடாது.

2. “வற்றலின் நிறம் மங்கிவிட்டது, சிறிது நிறம் ஏற்றினால் நல்ல விலை கிடைக்கும்” என்று எவரேனும் யோசனை கூறினால் விவசாயி மறுக்க வேண்டும். ஒருவரின் ஆசையால் சங்கத்தின் பெயரே கெடும்.

3. மஞ்சள் தூளைத் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். நல்ல தூள் அடியில் படியும். நீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். நீர் அடர்ந்த மஞ்சளானால் ஐயப்படலாம். ஆயினும் இச்சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு சொல்லாது.

4. முடிவு வேண்டின் 40ஆம் பிரிவு வழி காட்டுகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அறிவித்து, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பண்டத்தைச் சோதிக்கச் செய்யும் உரிமை வாங்குவோருக்கு உண்டு. பண்டம் விதிக்கு மாறானது என அறிக்கை கூறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனி ஒருவருக்கு இது சுமையாகத் தோன்றலாம். பலர் சேர்ந்து செய்தால் எளிது. கூட்டுறவின் பயன் அதுவன்றோ?

சாயத்தின் மீது நமக்குப் பகையில்லை. சுங்கடிக்கு அழகு தருவது அதுவே. அது சேலையில் இருக்கட்டும். இலையில் விழ வேண்டா.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

அ. நம் வீடுகளில் சாயப் பொருள்கள் எங்கே வைக்கப்படுகின்றன? குழந்தைகளின் கைக்கு எட்டுமா?

ஆ. நிறம் குறைந்த வற்றலுக்கு நேர்மையான விலை கிடைக்கச் சங்கம் என்ன செய்யலாம்?

இ. ஆண்டுக்கு ஒரு முறையேனும், அங்கத்தினர் வாங்கும் தூள் வகைகளைச் சோதனைக்கு அனுப்பச் சங்கம் தீர்மானிக்கலாமா?