பின்னால் நிற்பவருக்கும் ஒரு வழி: கால்பந்தில் உள்வழி ஓட்டம்

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாலைப் பயிற்சிக்கு வருவதைத் திடீரென்று நிறுத்திவிட்டான். வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். தலையைக் குனிந்தபடியே சொன்னான்: "பின்னால நிக்கிறதுக்கு நான் எதுக்கு சார்? ஒரு கம்ப நட்டு வச்சாலும் நிக்குமே."

நான் கணித ஆசிரியர். மணப்பாட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் கால்பந்துப் பயிற்சி அளிப்பதை விரும்பி ஏற்றுச் செய்கிறேன். அவன் சொன்ன பதில் சுட்டது. அதில் பொய் இல்லை. நன்றாக ஆடுபவர்களை முன்னால் நிறுத்திவிட்டு, மீதி இருப்பவர்களிடம் "நீ பின்னால நில்லு, பந்து வந்தா வெளிய அடி" என்று பல ஆண்டுகளாக நானே சொல்லி வந்திருக்கிறேன். தடுப்பு வரிசையின் ஓரத்தில் ஆடும் ஃபுல்பேக்குக்கு அதற்கு மேல் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. அவனைத் திரும்ப அழைத்துவர வேண்டுமானால் கற்றுக்கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அப்படித்தான் அண்டர்லேப்பைக் கையிலெடுத்தேன்.

ஃபுல்பேக் முன்னேறிச் சென்று தாக்க இரண்டு பாதைகள் உண்டு. தனக்கு முன்னால் ஆடும் விங்கருக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுவது ஓவர்லேப். விங்கருக்கு உட்பக்கமாக, எதிரணி ஃபுல்பேக்குக்கும் நடுத் தடுப்பாளருக்கும் இடையிலுள்ள சந்தில் ஓடுவது அண்டர்லேப். பயிற்சியில் இவற்றை வெளிவழி, உள்வழி என்றே சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

வெளிவழியின் புகழ்பெற்ற காட்சி 1970 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. மெக்சிகோ நகரில் இத்தாலியை 4-1 என்று பிரேசில் வென்ற அந்த ஆட்டத்தின் கடைசி கோலை அடித்தவர் வலது ஃபுல்பேக் கார்லோஸ் ஆல்பர்ட்டோ. பெலே பந்தை வலப்பக்கம் மெதுவாக உருட்டிவிட, பின்னாலிருந்து ஓடிவந்து அடித்தார். இதில் நான் மாணவர்களைக் கவனிக்கச் சொல்வது வேறொருவரை. வலது விங்கர் ஜெய்ர்சினோ இடப்பக்கமாக நகர்ந்து, தன்னைக் காவல்காத்த ஃபக்கெட்டியையும் கூடவே இழுத்துச் சென்றார். வலப்பக்கம் காலியானது அதனால்தான். ஒருவர் நகர்ந்து திறக்கும் இடத்தில் இன்னொருவர் நுழைகிறார். உள்வழிக்கும் இதே கணக்குதான். திறக்கும் இடம் மட்டும் வேறு.

விங்கர் எல்லைக்கோட்டை ஒட்டி விரிந்து நின்றால், எதிரணி ஃபுல்பேக் அவரை மறிக்க வெளியே வந்தாக வேண்டும். அப்போது அவருக்கும் நடுத் தடுப்பாளருக்கும் இடையே சந்து விழுகிறது. நம் ஃபுல்பேக் அங்கே புகுந்தால், அவரைத் துரத்துவதா, விங்கரை மறிப்பதா என்று எதிராளி திணறுவார். துரத்தினால் விங்கர் தானே உள்ளே வெட்டி வருவார். நின்றால் பந்து சந்துக்குள் போகும். ஆகவே மாணவர்களுக்கு ஒரே ஒரு அடையாளம் சொன்னேன்: விங்கர் வெளியே நின்றால் நீ உள்ளே போ, விங்கர் உள்ளே வந்தால் நீ வெளியே போ. கணித வகுப்பில் இதை வில்லாகவும் நாணாகவும் வரைந்தும் காட்டினேன். விங்கரைச் சுற்றி வளைந்து ஓடுவது வில். உள்ளே நேராக ஓடுவது நாண். கால் புதையும் மண்ணில் எது லாபம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் உள்வழிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஆடி மாதக் காற்றில் ஓரத்திலிருந்து உயர்த்தி அடிக்கும் கிராஸ் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்வழியில் பெனால்டி பெட்டிக்குள் நுழைந்தவர், கோல்கோட்டுக்கு அருகிலிருந்து பெனால்டி புள்ளியை நோக்கித் தரையோடு பின்னால் உருட்டிவிட்டால் போதும். தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும் தடுப்பாளர்களால் அந்தப் பந்தை எளிதில் வெட்ட முடியாது.

பயிற்சிக்கு எல்லைக்கோட்டை ஒட்டி 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் போதும். கூம்புகள் இல்லையென்றால் பழைய செருப்புகளை வையுங்கள். (பனைமட்டையை நட்டுவிடாதீர்கள், கருக்கு காலைக் கிழித்துவிடும்.) உட்பக்கம் 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு செருப்புகள் வைத்தால் அதுதான் சந்து. ஃபுல்பேக், விங்கர், எதிரே ஒரு தடுப்பாளர். ஃபுல்பேக் விங்கருக்குப் பந்தைக் கொடுத்துவிட்டுச் சந்து வழியே ஓட வேண்டும். அந்தப் பக்கம் பந்தை வாங்கினால் ஒரு புள்ளி. தடுப்பாளர் சந்தை அடைத்துவிட்டால் விங்கர் தானே கடந்து போகலாம், அதற்கும் ஒரு புள்ளி. இது பழகியதும் நடுத் தடுப்பாளர் ஒருவரையும், பெனால்டி புள்ளியில் பந்தை வாங்க ஒருவரையும் சேர்த்து மூவருக்கு இருவராக ஆட வைக்கலாம். பிறகு ஏழுபேர் ஆட்டம். அதில் உள்வழியாக வந்த கோலுக்கு இரட்டிப்பு மதிப்பு.

பிழைகள் பெரும்பாலும் நேரத்தில்தான். விங்கர் பந்தோடு மாட்டிக்கொண்ட பிறகு உதவிக்கு ஓடுவது பயனற்றது; பந்து விங்கரின் காலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே புறப்பட வேண்டும். சீக்கிரம் போய்ச் சந்தில் நின்று காத்திருந்தாலோ எதிராளிகள் அவரைப் பார்த்துவிடுவார்கள்; ஆஃப்சைடும் ஆகலாம். பாஸ் புறப்படும் கணத்தில் ஓடுபவர் பந்துக்குப் பின்னாலோ, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரருக்கு இணையாகவோ இருந்தால் ஆஃப்சைடு இல்லை என்பதை மைதானத்தில் நிற்க வைத்தே காட்டிவிடுங்கள். கரும்பலகையில் இது ஏறாது.

போனவரின் இடத்தை யார் காப்பது? இதைச் சொல்லாமல் ஃபுல்பேக்கை அனுப்பினால் எதிர்த்தாக்குதலில் கோல் வாங்குவது உறுதி. தடுப்பு நடுக்கள வீரர் அந்தப் பக்கம் நகர வேண்டும். மறுபக்க ஃபுல்பேக் முன்னேறாமல் நடுவை ஒட்டி நிற்க வேண்டும். இதற்கு எனக்குக் கைகொடுத்தது கரைவலை. கயிறு இழுக்கும்போது ஒருவர் கையை விட்டால் அடுத்தவர் அந்த இடத்தைப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். "கயிற்ற யாரு பிடிச்சிருக்கா?" என்று நான் கத்தினால் போதும், நடுக்களப் பையன் நகர்ந்துவிடுவான்.

கம்பு நடச் சொன்ன மாணவனிடம் மைக்கேல் சூசைராஜைப் பற்றிப் பேசினேன். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர். அதுவும் மீனவ ஊர். விங்கராகப் பெயரெடுத்தவரை ஏடிகே அணி இடது ஓரத்தில் விங்பேக்காக ஆட வைத்தது, 2019-20 ஐ.எஸ்.எல். கோப்பையை அந்த அணிதான் வென்றது. பையன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் மைதானத்தில் நின்றான்.

கடினமான பகுதி அதன் பிறகுதான் வந்தது. உள்வழியில் பலமுறை ஓடினாலும் பந்து சில முறைதான் வரும். மற்ற நேரங்களில் அந்த ஓட்டம் எதிராளி ஒருவரை இழுத்துச் சென்று விங்கருக்கு வழி திறக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை, ஓடியவருக்கே தெரிவதில்லை. அதனால் என் குறிப்பேட்டில் கோல் அடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் 'வழி திறந்தவர்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். பயிற்சி முடிந்ததும் இரண்டு பெயர்களையும் சேர்த்தே வாசிப்பேன்.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் சந்துக்குள் பாய்ந்தான். எதிரணி ஃபுல்பேக் பின்னாலேயே ஓடினான். விங்கர் உள்ளே வெட்டி வந்து கோல் அடித்தான். எல்லோரும் விங்கர் மேல் விழுந்தார்கள். அவன் மட்டும் மூச்சு வாங்கியபடி என் பக்கம் திரும்பி, காற்றில் எழுதுவதுபோல் விரலை ஆட்டிக் காட்டினான். எழுதிக்கொண்டேன்.

இப்போது அவனிடம் வேறு சிக்கல். உள்ளே போனவன் திரும்பி வர மறந்துவிடுகிறான். இந்த வாரப் பயிற்சி அதற்குத்தான்.