பாடம்: சரிவு நிலத்தில் மேட்டுப் பாத்தி

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்சரிந்ததை நாம் மறக்கவில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கித் தேங்கினால் சரிவு பலமிழக்கும். ஆகவே வீட்டுத்தோட்டத்துக்காக மேட்டை வெட்ட வேண்டாம். இருக்கும் நிலத்தின் மேலேயே பாத்தி எழுப்புங்கள்.

தேவையானவை: மூங்கில் அல்லது கற்கள், முளைக்குச்சிகள், மேல்மண், மக்கிய சாணம் அல்லது கூட்டெரு, டொலமைற்.

செய்யும் முறை:

1. 3 அடி அகலம், 8 அடி நீளம் அளந்துகொள்ளுங்கள். நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இரு பக்கமும் நின்று கைக்கு எட்டும். பாத்தியை மிதிக்கத் தேவையில்லை.

2. சுற்றிலும் முளையடித்து, பிளந்த மூங்கிலை முக்கால் அடி உயரத்துக்கு அடுக்குங்கள். நீர் வடிய இடைவெளி விடுங்கள்.

3. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு கலந்து நிரப்புங்கள். தேயிலை நிலம் புளிப்பு மண். அரைக் கிலோ டொலமைற் கலந்து, இரண்டு வாரம் கழித்து நடுங்கள்.

4. கீரை, முள்ளங்கி முதலில் பலன் தரும். போஞ்சிக்குக் கொடிக்கம்பு நடுங்கள். காய்ந்த புல்லால் மண்ணை மூடுங்கள்.

கவனம்: கானை மூடிப் பாத்தி கட்ட வேண்டாம், மழைக்கு முன் கானைத் துப்புரவு செய்யுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென வரும் கலங்கிய ஊற்று இவற்றைக் கண்டால் பயிரைப் பார்க்காமல் குடும்பத்தோடு உடனே வெளியேறுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கோ 117 இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.