பிசியோதெரபியைப் பாதியில் விடாதீர்கள்: செலவைச் சமாளிக்கும் வழிகள்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு எப்படியோ பணம் புரட்டிவிடுகிறோம். அடுத்து வரும் பிசியோதெரபிக்குக் கையில் காசு இருப்பதில்லை. பயிற்சி நின்றால் மூட்டு இறுகும், தசை மெலியும், செய்த செலவும் வீணாகும். ஆகவே, முதல் சிட்டிங்குக்கு முன்பே பணத்துக்கு வழி பார்த்துவிடுங்கள்.

1. டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்

என்ன பாதிப்பு, எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி என்பது சீட்டில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு கிளெய்முக்கு அதுவே ஆதாரம்.

2. பாலிசியைப் படியுங்கள்

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவை எத்தனை நாள் வரை தருவார்கள் என்று பாருங்கள். பல பாலிசிகளில் இது 60 நாள். சிலவற்றில் 90 அல்லது 180 நாள். உள்நோயாளியாகச் சேர்ந்த அதே பாதிப்புக்கான பயிற்சிக்கே இது பொருந்தும். ஆஸ்பத்திரியில் சேராமல் கழுத்துவலி, முதுகுவலிக்குப் போய்வருகிறீர்கள் என்றால், பாலிசியில் ஓ.பி.டி. வசதி இருந்தால்தான் பணம் வரும். வீட்டுக்கு வந்து தரும் சிகிச்சைக்குத் தருவார்களா, பில்களை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெறுங்கள்.

3. பில்லைச் சேர்த்து வையுங்கள்

நோயாளியின் பெயர், தேதி, ஒவ்வொரு சிட்டிங்கின் கட்டணம், சிகிச்சை தந்தவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கட்டும். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீட்டு வழக்கிலும் இந்த பில்கள் உதவும்.

4. மறுத்தால் விடாதீர்கள்

கிளெய்மை மறுத்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஓராண்டுக்குள் முறையிட்டுவிட வேண்டும்.

5. ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் தொழிலாளர்களுக்கான இத்திட்டத்தில் புறநோயாளி சிகிச்சையும் உண்டு. சார்ந்திருக்கும் குடும்பத்தினரும் பயன்பெறலாம். உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்து தொடங்குங்கள்.

6. முதல்வர் காப்பீட்டுத் திட்டம்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு உரியது. பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைக்கே பயன்படும். அன்றாடம் போய்வரும் பயிற்சிக்கு இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். டிஸ்சார்ஜுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

7. காப்பீடே இல்லையென்றால்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி இலவசம். சென்னை கே.கே. நகரில் இதற்கென்றே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 104-ஐ அழைத்தும் விவரம் கேட்கலாம்.

8. தனியார் கிளினிக் என்றால்

மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேளுங்கள். எல்லாப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளை நோயாளியும் வீட்டில் ஒருவரும் கற்றுக்கொள்ளுங்கள். தேறி வரும்போது, தினமும் போவதை வாரம் இரண்டு நாளாகக் குறைக்கலாமா என்று சிகிச்சையாளரிடம் பேசுங்கள்.

பணம் இல்லை என்பதற்காக யாரும் முடங்கிக் கிடக்கக் கூடாது. தயங்காமல் கேளுங்கள், பயிற்சியை இடையில் நிறுத்தாதீர்கள்.