தாடி ஓணானுக்கு வெயிலும் வீடும்

‘பியர்டட் டிராகன்’ எனப்படும் தாடி ஓணானுக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. வேலிக் கம்பத்தின் உச்சியில் ஏறி, உடம்பைத் தட்டையாக்கி வெயில் காயும் பிராணி அது. வளர்ப்பவர்கள் அந்த வெயிலை விளக்குகளால்தான் ஈடுகட்ட வேண்டும்.

சூட்டுக்கு ஒரு பல்பு, புற ஊதாக் கதிருக்கு ஒரு குழல் விளக்கு என இரண்டும் தேவை. பலரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். யுவி-பி எனும் புற ஊதாக் கதிர் கிடைக்காவிட்டால் உடலில் வைட்டமின் டி3 சரிவர உருவாகாது. கால்சியம் சேராமல் எலும்பு மெலியும், தாடை ரப்பர்போல வளையும், நடக்கும்போது கால்கள் நடுங்கும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா? போதாது. கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கூண்டின் மேல்வலைகூட ஒரு பங்கைக் குறைக்கும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வீரியம் குறைந்துபோகும் என்பதால், நீளமான டி5 வகையை ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது.

வளர்ந்த ஓணானின் கூண்டுக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலமாவது வேண்டும். ஒரு முனையில் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். மறுமுனை 25 டிகிரியை ஒட்டி, ஒளிந்துகொள்ள இடத்தோடு இருக்கட்டும். சூட்டைக் கையால் தொட்டு மதிப்பிடாமல் டிஜிட்டல் வெப்பமானியில் பார்ப்பதே சரி.

குட்டிகளுக்கு மணல் பரப்ப வேண்டாம், இரையோடு விழுங்கிவிடும். சொரசொரப்பான டைல்ஸ் போதும். இரவில் சிவப்பு விளக்கும் வேண்டாம். ஒரு கூண்டுக்கு ஓர் ஓணான்தான், இரண்டைச் சேர்த்து விட்டால் வால் நுனியும் விரலும் தப்பாது.