தூக்காதே மாப்பிள்ளை, உருட்டு

பொள்ளாச்சி

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். எட்டுப் பேர் தோள் கொடுத்துப் புளியமரத் துண்டை லாரியில் ஏற்றுகிறீர்கள். பக்கத்தில் ஒருவன் விசில் அடிக்கிறான். உனக்குப் பெருமை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒருத்தன் கால் இடறியிருந்தால் மற்ற ஏழு பேர் கதி என்ன? போனில் சொன்னால் “சரிங்க மாமா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் எடையைத் தெரிந்துகொள். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்று வை. மரக்கடைக் கணக்கில் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவார்கள். 10 கன அடி வரும். அது விலை பேசுகிற கணக்கு. அறுப்பில் போகும் சேதாரத்தைக் கழித்தது. உன் தோளுக்கு அந்தக் கழிவு கிடையாது. உருண்டைக் கட்டையின் உண்மை அளவு 12.7 கன அடி. பச்சை மரத்துக்கு ஏறக்குறைய தண்ணீரின் எடை என்று வைத்துக்கொண்டால் கன அடிக்கு 28 கிலோ. ஆக 350 கிலோவுக்கு மேலே போகிறது. பத்து என்று நினைத்துத் தூக்கப் போகிறவன் பன்னிரண்டே முக்காலைத் தூக்குகிறான்.

தூக்கவே வேண்டாம். நம் டாப்சிலிப்புக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? மலை மேலிருந்து தேக்கைக் கீழே சறுக்கிவிட்ட இடம் அது. யானை வைத்திருந்தவர்களே சரிவைத்தான் நம்பினார்கள்.

லாரி மட்டம் தரையிலிருந்து 4 அடி என்றால், 12 அடியில் இரண்டு சவுக்குக் கட்டை சாய்த்துப் போடு. மேல்முனை லாரிச் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், கீழ்முனை மண்ணில் ஒரு சாண் புதைந்திருக்க வேண்டும். இந்தச் சரிவில் 350 கிலோ மூன்றில் ஒன்றாகிவிடும், 120 கிலோ. இனி வடம். ஒரு முனையை லாரிச் சட்டத்தில், மரம் ஏறுகிற பக்கமே கட்டு. மறுமுனையைக் கீழே கொண்டுபோய், மரத்துக்கு அடியில் நுழைத்து, மேலே சுற்றி எடுத்து, லாரியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போடு. இப்படி இரண்டு வடம். எதிர்ப்பக்கம் தரையில் நின்று இழுத்தால் மரம் தானே உருண்டு ஏறும். நீ இரண்டடி இழுத்தால் அது ஓரடிதான் வரும். அதனால் பாரமும் பாதி. ஒரு வடத்துக்கு 30 கிலோ. வடம் சட்டத்தில் உரசுவதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும், வடத்துக்கு இரண்டு பேர் தாராளம். வரப்போரமாக லாரியைப் பள்ளத்தில் நிறுத்த முடிந்தால் இன்னும் சுலபம். எட்டடி தூரம் வண்டியை நகர்த்தச் சோம்பல்பட்டு எட்டு ஆளுக்குக் கூலி கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இழுக்கிறவன் யாரும் லாரித் தட்டில் நிற்கக் கூடாது. மரம் மேலே வந்ததும் நிற்காது, அவனை நோக்கித்தான் உருளும். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வை. ஏறுகிற பக்கச் சட்டத்துக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடு. இல்லாவிட்டால் பாரம் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி லாரி உன் பக்கம் சாயும்.

மரம் ஒரே பருமனாக இருக்காது. அடிப்பக்கம் பெருத்தது, ஒரு சுற்றுக்கு நுனியைவிட அதிக தூரம் ஓடிவிடும். அதனால் மரம் கோணிக்கொள்ளும். அடிப்பக்க வடத்தை நிறுத்திப் பிடித்து, நுனி சேரும்வரை பொறுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவசரம் வரும். எனக்கும் வந்தது. 1987இல் ஒரு மரக்கடையில், கோணின வாகையை நிமிர்த்த அதன் அடியில் ஆப்பைக் கையால் தள்ளினேன். மரம் அரை அங்குலம்தான் பின்னால் வந்தது. இடதுகை மோதிரவிரல் ஏன் குட்டையாக இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாயே, அன்றைக்கு “எலி கடித்தது” என்றேன். வாகை கடித்தது. ஆப்பை நாலடிக் கம்பு நுனியில் அடித்து மாட்டி, பக்கவாட்டில் நின்று தள்ளு. மரத்துக்குக் கீழ்ச்சரிவில் ஆளே இருக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில் எடுக்கக்கூட.

“ஐலசா” போட ஒருத்தன் போதும். ஆனால் “நில்லு” என்று கத்த எல்லோருக்கும் உரிமை உண்டு, கூலிக்கு வந்த புதுப்பையனுக்கும். கத்தியது வீணாகப் போனாலும் அவனைக் கிண்டல் பண்ணாதே.

ஒரு டன்னுக்கு மேலே இருக்கும் என்று தோன்றினால் ஹைட்ரா கிரேன் கூப்பிடு, வாடகையைப் பார்க்காதே. ஜேசிபி பக்கெட்டில் சங்கிலி மாட்டித் தூக்குவதை மட்டும் செய்யாதே. பட்டையுள்ள பச்சை மரம் சங்கிலியில் வழுக்கும்.

ஏற்றிக் கட்டினால் வேலை முடியவில்லை. நாலைந்து கிலோமீட்டர் போனதும் கயிறு தளர்ந்திருக்கும், இறங்கி முறுக்கு. இறக்குமிடத்தில் அவிழ்க்கும்போது மரம் உருளக்கூடிய பக்கம் நிற்காதே. வழியில் குலுங்கின குலுங்கலில் மேல்துண்டு கயிற்றை நம்பியே படுத்திருக்கும். மறுபக்கம் போய் அவிழ்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சவுக்குக் கட்டை இரண்டை வெட்டி, பட்டை உரித்துக் காயவை. ஈரமாக இருந்தால் மரம் சறுக்கும். என் பழைய வடத்தைக் கேட்காதே, அதில் கன்றுக்குட்டி கட்டியிருக்கிறேன். புதுசு வாங்கு. அக்காவிடம் விரல் கதையைச் சொல்லாதே, அவளுக்கும் எலி என்றுதான் தெரியும்.

மாமன்